ஒன்-ஆஃப்: ரெண்டு எஃப், நடுவில் ஒரு கோடு

சேலத்தில் இங்கிலீஷ் மெயில் எழுதிக் கொடுத்தும் பிழைக்கலாம். நான் அப்படித்தான் பிழைக்கிறேன். லேத் பட்டறைகள், செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் பலவகை. கொட்டேஷன், வெளிநாட்டு ஆர்டருக்குப் பதில், புக்கிங் தளத்தில் போட நாலு வரி அறிமுகம், இதெல்லாம்தான் வேலை. புதிதாக எழுதுவது கொஞ்சம்தான். அவர்களே எழுதி வைத்திருப்பதைத் திருத்துவதில் பாதி நாள் போய்விடும்.

அப்படித் திருத்தும்போது ஓயாமல் தட்டுப்படும் சொல் ஒன்று உண்டு: ஒன்-ஆஃப். ஒரே ஒரு முறை நடப்பது, ஒன்றே ஒன்று செய்வது என்ற பொருளில் பிரிட்டிஷ்காரர்கள் பேச்சுவாக்கில் சரளமாகப் போடும் சொல். கிரிக்கெட் கமென்ட்ரியிலும் ஆபீஸ் மீட்டிங்கிலும் கேட்டுக் கேட்டு நம் ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. எழுதும்போதுதான் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. ஒன்று, எழுத்து. கடைசியில் ரெண்டு எஃப் வரவேண்டிய இடத்தில் ஒரு எஃப் போட்டுவிடுகிறார்கள். அப்போது அது 'பலவற்றில் ஒன்று' என்றாகிவிடும்; சொல்ல வந்ததற்கு நேர் எதிர். இன்னொன்று, பொருள். இதை ஒரு புகழ்ச்சிச் சொல் என்று நினைத்துக்கொண்டு, அருமையான காபி, அருமையான அறை, அருமையான கொலுசு என்று எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

முதல் சறுக்கலுக்குக் காரணம் நம் காது. லைட்டை ஆஃப் பண்ணு என்கிறோமே, அதில் ரெண்டு எஃப். பேங்க் ஆஃப் பரோடா என்பதில் ஒரே எஃப். நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, பாதி என்று பொருள்படும் சொல்லும் டிபன் கடையில் 'ஆஃப் பாயில்' ஆகி இதே வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று சொல்லுக்கும் ஒரே ஓசை என்றால் கை தடுமாறத்தான் செய்யும்.

இங்கிலீஷ்காரர்கள் வாயில் மூன்றும் தனித்தனி. ஒரு எஃப் உள்ளதை அவர்கள் எஃப் ஓசையில் முடிப்பதே கிடையாது. 'அவ்' என்று வகர ஓசையில் முடியும். அதுவும் பேச்சு வேகத்தில் பாதி விழுங்கப்பட்டுவிடும். 'எங்களில் ஒருவர்' என்பதை 'ஒன் அவ் அஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ரெண்டு எஃப் உள்ளதை விழுங்கமாட்டார்கள்; மேற்பல் கீழுதட்டில் படக் காற்றை ஊதி முடிப்பார்கள். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பி.பி.சி. செய்தியைக் கேட்டுப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். பேசும்போது நாம் எல்லாவற்றையும் ஆஃப் என்றே சொன்னாலும் பெரிய நஷ்டம் இல்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். எழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். கம்ப்யூட்டரின் சிவப்புக் கோடும் பெரும்பாலும் காப்பாற்றாது. ஒரு எஃப் போட்டாலும் அது சரியான இங்கிலீஷ் சொல்தான் என்பதால், அது தன்பாட்டுக்குச் சும்மா இருந்துவிடும்.

இந்தச் சொல்லின் பிறப்பிடத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது சூரமங்கலம் பக்கத்தில் இருக்கும் ஒரு லேத் பட்டறை. பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் மெஷின்கள். கூலன்ட் வாடை மேஜைவரை வரும். இங்கிலாந்திலிருந்து ஒரு வரைபடத்தொகுப்பு வந்திருந்தது. பெரிய தாளில் பிரின்ட் எடுத்து மேஜையில் விரித்திருந்தோம். வலதுபக்கம் கீழே பாகங்களின் பட்டியல் கட்டம்: வரிசை எண், பாகத்தின் பெயர், உலோகம், கடைசிப் பத்தியில் 'நம்பர் ஆஃப்', ரெண்டு எஃப் போட்டு. டிப்ளமோ முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்கிலீஷ்காரனே ஸ்பெல்லிங்க தப்பா போட்டிருக்கான் பாருங்க" என்றான்.

ஃபோர்மேன் அண்ணன் பனியனில் கை துடைத்துக்கொண்டே வந்தார். "தப்பெல்லாம் இல்ல தம்பி. நாலு ஆஃப்னு போட்டிருந்தா நாலு நம்பர் செஞ்சு குடுன்னு அர்த்தம். நாங்க ஐ.டி.ஐ.ல ட்ராயிங் போடறப்பவே இந்தக் கட்டம் உண்டு. நீங்கல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டதனால கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாப்பா, இத மட்டும் நல்லாப் பாத்துக்குங்க" என்று ஒரு பிராக்கெட்டின் மேல் விரல் வைத்தார். அதன் பக்கத்தில் 2 ஆஃப் என்று போட்டு, ஒன்று படத்தில் உள்ளபடி, ஒன்று எதிர்க்கை என்று எழுதியிருந்தது. செருப்பு ஜோடி மாதிரி, ஒன்று இடது, ஒன்று வலது. அந்த வரியைப் படிக்காமல் 2 என்ற எண்ணை மட்டும் பார்த்து வேலையில் இறங்கினால் ரெண்டும் இடதாகவே வந்து சேரும்.

பிரிட்டிஷ் பட்டறை வழக்கில் எண்ணுக்குப் பின்னால் இந்த ஆஃபைப் போட்டால் 'இத்தனை பீஸ்' என்று பொருள். 20 ஆஃப் என்றால் இருபது பீஸ். நம் பட்டறைகளில் 'இருபது நம்பர்' என்கிறோமே, அதே வேலையைத்தான் இது செய்கிறது. 1 ஆஃப் என்றால் ஒரே ஒரு பீஸ். இந்த 1 ஆஃப்தான் வரைபடத்தை விட்டு வெளியே வந்து, நடுவில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு, ஒன்-ஆஃப் என்ற தனிச்சொல் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதற்குக் காட்டும் முதல் எழுத்துச் சான்று 1934ஆம் ஆண்டுக்குரியது. பிரிட்டனின் வார்ப்படத் தொழில்காரர்கள் சங்கத்து வெளியீட்டில், ஒரு பேட்டர்னைப் (வார்ப்புக்கான மாதிரி வடிவம்) பற்றிப் பேசும் வரியில் வருகிறது.

வார்ப்படக்காரர்கள் வாயில் இந்தச் சொல் புழங்கியது ஏன் என்பது, ஃபவுண்டரி வாசலை மிதித்தவர்களுக்கு உடனே விளங்கும். மரத்தில் பேட்டர்ன் செய்து, மணலில் பதித்து, அதை எடுத்துவிட்டு, அந்தக் குழிவில் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். நூறு பீஸ் ஊற்றினால் பேட்டர்ன் செலவு நூறாகப் பிரிந்துவிடும். ஒரே ஒரு பீஸ் வேண்டுமென்றால் மொத்தச் செலவும் அதன் தலையில்தான் விழும். அதனால் வட்டமான பெரிய பாகம் ஒன்றே ஒன்று வேண்டுமானால் முழுப் பேட்டர்ன் செய்யமாட்டார்கள். நடுவில் ஒரு தண்டை நட்டு, வேண்டிய வடிவத்துக்கு விளிம்பு வெட்டிய பலகையை அதில் மாட்டி, சுற்றிச் சுற்றி மணலை வழித்தே அச்சை எடுத்துவிடுவார்கள். ஒன்றா, பலவா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் வேலை எப்படி, விலை எவ்வளவு என்று முடிவாகும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தச் சொல்.

அதாவது, இது எண்ணிக்கை சொல்லும் சொல். இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் போய்விடும். பீஸ் நன்றாக இருக்கிறதா, மட்டமாக இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கருத்து எதுவும் கிடையாது.

கொட்டேஷனில் இந்த விஷயம் நேராகப் பணத்தைத் தொடுகிறது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் மெஷினின் ஷாஃப்ட் உடைந்துவிட்டது என்று வையுங்கள். அரவை நிற்கிறது, கிழங்கு வண்டிகள் வாசலில் நிற்கின்றன. அவர்களுக்கு வேண்டியது ஒத்தைப் பீஸ், அதுவும் இன்றைக்கே. பட்டறைக்காரர் உலோகத்தை வாங்கி, மெஷினை அதற்கென்று செட் பண்ணி, ஓட்டி, மறுபடி பழைய வேலைக்கு செட்டிங்கை மாற்ற வேண்டும். கடையும் நேரத்தைவிட செட்டிங் நேரம் அதிகமாகிப்போவதும் உண்டு. அதனால் ஒரு பீஸ் விலையும் ஐம்பது பீஸ் எடுத்தால் வரும் விலையும் ஒன்றாக இருக்க முடியாது. பிரிட்டிஷ் வாடிக்கையாளர்கள் 1-ஆஃப் விலை என்ன, 10-ஆஃப் விலை என்ன, 100-ஆஃப் விலை என்ன என்று தனித்தனியாகக் கேட்பது இதனால்தான். ஒன்-ஆஃப் விலையை மட்டும் கேட்டுவிட்டு அதையே நூறால் பெருக்கிப் பார்த்து 'யானை விலை' என்று ஓடிப்போன ஆட்களையும் பார்த்திருக்கிறேன். கேள்வி வந்த உடனே மூன்று விலையையும் ஒரே மெயிலில் கொடுத்துவிடுவது நல்லது.

இதே கொட்டேஷனில் இதே சொல் இன்னொரு வேஷத்திலும் வரும். டை (அச்சு), ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்), பேட்டர்ன் இவற்றுக்கு ஒருமுறை மட்டும் வாங்கும் தொகையும் ஒன்-ஆஃப் சார்ஜ்தான். 'ஒன்-ஆஃப் விலை' என்றால் ஒரு பீஸுக்கான விலை. 'ஒன்-ஆஃப் சார்ஜ்' என்றால் ஒரே ஒரு முறை கட்டும் தொகை. முதலாவதில் எண்ணப்படுவது பீஸ், இரண்டாவதில் எண்ணப்படுவது கட்டும் தடவை. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போட்டால் படிப்பவர் குழம்புவார். நான் டூலிங் சார்ஜ் என்று போட்டு, ஒன்-ஆஃப் என்று எழுதி, பக்கத்திலேயே 'முதல் ஆர்டரில் மட்டும்' என்பதையும் இங்கிலீஷில் சேர்த்துவிடுவேன். சொல் அழகாக இருக்கிறது என்பதற்காக விளக்கத்தை விட்டுவிடுவது வியாபாரத்துக்கு ஆகாது.

ஒரு எஃப் போனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. ஒரு பட்டறையிலிருந்து, என்னிடம் வருவதற்கு முன்பே, ஒரு கொட்டேஷன் போயிருந்தது. அதில் டூலிங் சார்ஜுக்குப் பக்கத்தில் ஒரே எஃப் போட்ட 'ஒன் ஆஃப்'. மறுநாள் மரியாதையாக ஒரு பதில் வந்தது: 'இது சார்ஜ்களில் ஒன்று என்கிறீர்கள். மற்ற சார்ஜ்கள் என்னென்ன என்று தெரிவித்தால் நலம்.' முதலாளி ஆடிப்போய்விட்டார். மறைமுகச் செலவு ஏதோ இருக்கிறது என்று அந்தப் பக்கம் சந்தேகப்பட்டுவிட்டார்கள். விளக்கம், அதற்கு ஒரு விளக்கம் என்று இழுத்து, கடைசியில் ஆர்டர் கிடைத்துவிட்டது. நடுவில் போன நாட்கள்தான் வீண்.

இந்தச் சொல் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அறிமுகமானது பட்டறை வழியாக அல்ல, கிரிக்கெட் வழியாக. தொடர் எதுவும் இல்லாமல் தனியாக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினால் அதை ஒன்-ஆஃப் டெஸ்ட் என்பார்கள். 2018 ஜூனில் பெங்களூரில் ஆப்கானிஸ்தான் தன் முதல் டெஸ்டை இந்தியாவோடு ஆடியதே, ரெண்டே நாளில் முடிந்துபோனது, அது ஒன்-ஆஃப் டெஸ்ட். 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்தோடு ஆடிய பொன்விழா டெஸ்டும் அப்படித்தான். அதில் போத்தம் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தார்.

சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியபோது இங்கே டீக்கடை டீக்கடையாக டி.வி. ஓடியது. நம்ம மாவட்டத்துப் பையனாயிற்றே. அந்த டெஸ்டை ஒன்-ஆஃப் டெஸ்ட் என்று சொல்லலாமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். மாலையில் சிலருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. நல்ல கேள்வி. சொல்லக்கூடாது. அது நாலு டெஸ்ட் கொண்ட தொடரின் நாலாவது டெஸ்ட். நடராஜனுக்கு அது ஒரே டெஸ்டாக இருக்கலாம். ஆட்டத்துக்கு முன்னால் மூன்று ஆட்டம் நடந்திருக்கிறது. 'ஒன்-ஆஃப் டெஸ்ட்' என்றால் எண்ணப்படுவது ஆட்டம். யாரை, எதை எண்ணுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டால் இந்த இடத்தில் தவறவே மாட்டீர்கள்.

இனி மலைக்குப் போவோம், ஏனென்றால் இரண்டாவது சறுக்கல் அங்கேதான் அதிகம். பட்டறையில் எழுத்து தப்பும்; ஏற்காட்டில் பொருள் தப்பும்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊருக்குள் நுழைந்தால் வழியெல்லாம் போர்டுகள். ஏரிக்கரையிலிருந்து உள்ளே தள்ளி, காபித் தோட்டத்துக்குள் சின்னதாக ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஓர் அக்கா, புக்கிங் தளத்துக்கு எழுதிய அறிமுகத்தை அனுப்பினார். சில்வர் ஓக் நிழல், அதில் படர்ந்த மிளகுக்கொடி, தோட்டத்துக் காபி எல்லாம் இருந்தது. முடிவில், எங்களிடம் தங்குவது ஒரு ஒன்-ஆஃப் அனுபவம் என்று ஒரு வரி. எஃப் ரெண்டும் சரியாக இருந்தது, கோடும் இருந்தது. ஆனால் படிக்கிற வெள்ளைக்காரருக்கு அது எப்படிக் கேட்கும்? 'ஒரு தடவை வந்து போகலாம், அதோடு சரி.' போனில் சொன்னேன். "ஐயோ, அப்ப யாரும் ரெண்டாவது தடவை வரமாட்டாங்களா? எனக்கு வர்றதே முக்கால்வாசி பழைய ஆளுங்கதானுங்க" என்றார். சிரித்துவிட்டு, "வேற எதாச்சும் நல்ல வார்த்த போட்டுக் குடுங்க" என்று விட்டுவிட்டார்.

நான் நல்ல வார்த்தை எதையும் போடவில்லை. காபி எந்த மாதம் பூக்கும், காலையில் மூடுபனி எத்தனை மணிவாக்கில் கலையும், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், காபி அங்கேயே வறுத்து அரைத்ததா என்று அவரிடமே கேட்டு அதை எழுதினேன். கோடை மழையின் முதல் தூறல் விழுந்த சில நாட்களில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை வாடை போல ஒன்று தோட்டம் பூராவும் நிற்கும். அந்த ஒரு வரி செய்வதை 'யுனீக்' என்ற சொல் செய்யாது. இது என் அபிப்பிராயம். புகழ்ச்சிச் சொல்லை நம்பிப் பணம் கட்டியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

புகழத்தான் வேண்டும், ஒன்றே ஒன்று என்றும் சொல்லவேண்டும் என்றால் அதற்கு வேறு தொடர் இருக்கிறது: ஒன் ஆஃப் எ கைண்ட். இதில் வருவது ஒரே எஃப். தன் வகையில் இது ஒன்றுதான், இதுபோல் வேறு இல்லை என்று பொருள். பாராட்டு அதிலேயே கலந்திருக்கிறது. இந்தத் தொடரும் ஒன்-ஆஃபும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால்தான் எஃப் கணக்கு மேலும் குழம்புகிறது. எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், பின்னால் 'எ கைண்ட்' வருமா என்று பாருங்கள். வந்தால் ஒரு எஃப், வராவிட்டால் ரெண்டு.

அரிதானதற்கும் ஒன்-ஆஃப் போடக்கூடாது. இந்தத் தப்பை இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களும் செய்கிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் நீலக்குறிஞ்சி உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. மூணாறில் 2006இல் பூத்தது, மறுபடி 2018இல் பூத்தது. எவ்வளவு அரிதாக இருந்தாலும் திரும்ப வருகிறது அல்லவா? அது ஒன்-ஆஃப் ஆகாது. மே மாதத்துக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அப்படித்தான். வருஷா வருஷம் நடப்பதை ஒன்-ஆஃப் ஈவென்ட் என்று போட்டால், அடுத்த வருஷம் கிடையாது என்று சொல்வதாகிவிடும். 'எப்போதாவது ஒன்றிரண்டு' என்ற பொருளில் நம்மவர்கள் 'ஒன்-ஆஃபா வரும்' என்று பேசுவதுண்டு. பேச்சில் போகட்டும். எழுத்தில் அதற்கு 'அக்கேஷனல்' என்று வேறு சொல் இருக்கிறது.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு ஒன்-ஆஃப் உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. ஒரு தடவை ராத்திரி முழுக்க கரன்ட் இல்லை, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. தங்கியிருந்த குடும்பத்துக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அதை எழுதும்போது ஒன்-ஆஃப் டிஸ்கவுன்ட் என்று போட்டுக்கொடுத்தேன். அந்த ஒரே சொல்லில் 'இந்தத் தடவைக்கு மட்டும், அடுத்த தடவை கேட்காதீர்கள்' என்பது நாகரிகமாக அடங்கிவிடுகிறது. முகத்துக்கு நேரே சொன்னால் கசப்பாக இருக்கும். இப்படிக் கறாரை மென்மையாகச் சொல்வதற்கு இங்கிலீஷில் இதைவிட வசதியான சொல் எனக்குத் தெரியாது.

புகாருக்குப் பதில் எழுதும்போதும் இதைப் போடுகிறார்கள்: 'இட் வாஸ் எ ஒன்-ஆஃப்', வழக்கமாக இப்படி நடக்காது, இந்த ஒரு முறை நடந்துவிட்டது. உண்மையாக இருந்தால் போடலாம். வெந்நீர் வரவில்லை என்று அதே பக்கத்தில் மூன்று பேர் எழுதியிருக்க, நாலாவது ஆளுக்கு ஒன்-ஆஃப் என்று பதில் போட்டால் படிக்கிறவர்கள் எண்ணிப் பார்த்துவிடுவார்கள். எண்ணிக்கைச் சொல்லாயிற்றே, பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். அந்த இடத்தில் நான், ஹீட்டரை எப்போது மாற்றினோம் என்று தேதியோடு எழுதச் சொல்வேன். மாற்றவில்லை என்றால், முதலில் மாற்றுங்கள் என்பேன்.

வெள்ளிப் பட்டறைக்காரர்களிடம் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. சேலத்துக் கொலுசைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு டையில் அடித்து நூறு ஜோடி எடுத்தால், எத்தனை அழகாக இருந்தாலும் அது ஒன்-ஆஃப் டிசைன் இல்லை. ஒரு கல்யாணப் பெண்ணுக்கென்று சொல்லிச் செய்து, அதோடு அந்த டிசைனையே விட்டுவிட்டால் அது ஒன்-ஆஃப். ஜோடியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்-ஆஃப் ஜோடி என்று தாராளமாகச் சொல்லலாம். நடுவில் ஒன்று இருக்கிறது: டிசைன் ஒன்றேதான், ஆனால் சலங்கை கோப்பதும் பூட்டு வைப்பதும் எனாமல் பூசுவதும் கைவேலை, அதனால் ஜோடிக்கு ஜோடி துளி வித்தியாசம் இருக்கும். அதை ஒன்-ஆஃப் என்றால், அடுத்த மாதம் அதே டிசைனை இன்னொருவர் காலில் பார்க்கிற வாடிக்கையாளர் கோபப்படுவார். ஒன் ஆஃப் எ கைண்ட் என்பதும் கொஞ்சம் மிகைதான். கையால் செய்தது, ஒன்றைப்போல் ஒன்று அச்சாக இருக்காது என்று உள்ளதை எழுதிவிட்டால் வம்பில்லை.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எண்ணிக்கைச் சொல் கொஞ்சம் கனிந்துவிடுகிறது. 'ஷீ இஸ் எ ஒன்-ஆஃப்' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால், அவளைப்போல் இன்னொருத்தி கிடையாது என்று பிரியமாகச் சொல்கிறார். சிலசமயம் அந்தப் பிரியத்தில் 'கொஞ்சம் கிறுக்குதான்' என்பதும் கலந்திருக்கும். தொனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலக்கணத்தில் சொல்ல அதிகம் இல்லை. முன்னால் போடவேண்டியது 'எ', 'ஆன்' இல்லை. எழுத்து ஓவில் தொடங்குகிறதே என்று நிறையப் பேர் 'ஆன்' போட்டுவிடுகிறார்கள். ஓசை வகரத்தில் தொடங்குவதால் 'எ'தான். ஒன்-வே ரோட்டுக்கும் இதே விதி. பெயர்ச்சொல்லாகவும் வரும், இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாகவும் வரும். இரண்டிலும் நடுக்கோடு உண்டு. பன்மைக்கு வெறும் எஸ் போதும், மேலே கொம்பு (அப்பாஸ்ட்ரஃபி) வேண்டாம். 'வெரி ஒன்-ஆஃப்' என்று சொல்ல முடியாது. ஒன்றில் அதிகம், குறைவு ஏது? ஒன் ஆஃப் எ கைண்டை ஒரு பெயருக்கு முன்னால் அடையாக வைத்தால் மட்டும் எல்லாச் சொல்லுக்கும் நடுவே கோடு போடவேண்டும்.

இது பேச்சுவழக்குச் சொல் என்பதையும் மறந்துவிடக்கூடாது. மெயிலில், கொட்டேஷனில், இணையப் பக்கத்தில் பொருந்தும். ஒப்பந்தப் பத்திரத்திலும் பேங்க் கடிதத்திலும் நான் போடுவதில்லை. அங்கே 'சிங்கிள்', 'நான்-ரெக்கரிங்' என்று பச்சையாக எழுதினால் பின்னால் வக்கீலுக்கு வேலை இல்லை. கடனை ஒரேயடியாகப் பேசி முடிப்பதை நம் பேங்குகள் 'ஒன்-டைம் செட்டில்மென்ட்' என்றே வழங்குகின்றன; அதைப் போய் ஒன்-ஆஃப் ஆக்கினால் மேனேஜருக்கே புரியாது. போனுக்கு வரும் ஓ.டி.பி.யிலும் அதே 'ஒன்-டைம்'தான். அமெரிக்காவில் ஒன்-டைம்தான் பழைய வழக்கம். ஒன்-ஆஃபும் இப்போது அங்கே பரவிவிட்டது என்றாலும், கொலுசு வாங்கும் அமெரிக்க வாடிக்கையாளருக்கு நான் ஒன்-டைம் என்றே எழுதுகிறேன், யோசிக்கவே விடக்கூடாது என்று. அயர்லாந்திலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வரும் மெயிலில் 'ஒன்ஸ்-ஆஃப்' என்று இருந்தால் அது பிழையல்ல, அவர்கள் ஊர் வழக்கு. திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷச் சோதனை போதும். எழுதியதில் ஒரே எஃப் உள்ள 'ஒன் ஆஃப்' எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். 'தி', 'அவர்', 'தீஸ்' என்று வந்து, அதன்பின் பன்மைப் பெயர் இருந்தால் சரி. ஏற்காட்டின் சிறந்த ஹோம்ஸ்டேக்களில் ஒன்று என்று எழுதும்போது ஹோம்ஸ்டேவுக்குப் பின்னால் எஸ் இருக்கிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம். நம்மவர்கள் அந்த எஸ்ஸையும் விட்டுவிடுவது வழக்கம். அப்படி எதுவும் வராமல், ஆர்டர், பேமென்ட், சார்ஜ், டிஸ்கவுன்ட் என்று ஒருமைப் பெயர் நேரடியாக ஒட்டிக்கொண்டு நின்றால், அங்கே ஒரு எஃப் குறைகிறது, நடுவில் கோடும் குறைகிறது.